மின்னாற்றலைப் பழக்கிய மேதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, பெரியாற்று நீரால் செழித்த நிலமாகும். மேற்கே ஓடிய அந்நீரைப் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அப்பெரும்பணி 1895ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதே ஆண்டில், அமெரிக்காவின் நயாகரா அருவியிலிருந்து மின்னாற்றல் பெறப்பட்டது. அங்கு நிறுவப்பெற்ற மின்முறையை வகுத்தவர் நிக்கோலா டெஸ்லா என்பார். 1958இல் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அன்று பென்னிகுயிக் கொணர்ந்த நீரும் டெஸ்லா கண்ட மின்முறையும் ஒன்று கூடின எனலாம்.

டெஸ்லா, இன்றைய குரோவேசியா நாட்டில் ஒரு சிற்றூரில் 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சமயகுரு, அன்னையார் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே அமைக்கும் கைத்திறம் வாய்ந்தவர். 1882இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் உலவுகையில், சுழலும் காந்தப்புலத்தால் மோட்டாரை இயக்கும் வழி அவர் உள்ளத்தில் உதித்தது. 1884இல் அமெரிக்கா சென்று, எடிசனிடம் சில மாதங்கள் பணிபுரிந்தார். பின்னர் வறுமையுற்று, பள்ளம் வெட்டும் கூலி வேலையும் செய்தார். எனினும் ஊக்கம் குன்றினாரல்லர். 1888இல் தம் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். தேனி வட்டாரத் தோட்டங்களில் கிணற்றுநீர் இறைக்கும் மோட்டார்கள் அவ்வழியில் வந்தவையே.

அடுத்து, அவர் கருத்து உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின்பால் சென்றது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால், சிறு விசையும் பேராட்டம் தரும். அதுபோலக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இணைந்த சுற்றுக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அதற்கு இசைய மின்சாரத்தைச் செலுத்தினால் மின்னோட்டம் பெருகும். இதனை ஒத்ததிர்வு என்பர். இம்முறையில் இயங்கும் சுருளை டெஸ்லா 1891இல் அமைத்தார்.

1899இல் கொலராடோ மலைநாட்டில் ஆய்வுக்கூடம் நிறுவிச் செயற்கை மின்னல்களை எழுப்பினார். ஒருநாள் அச்சோதனையின் வேகத்தைத் தாங்காது, அவ்வூர் மின்நிலையத்தின் இயந்திரம் எரிந்துபோயிற்று என்பர். ஆற்றலை எழுப்புதல் வேறு, அதனை அளவோடு செலுத்துதல் வேறு என்பதை அந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகின்றது.

அவ்வாறு அளவோடு செலுத்தும் வழி பின்வந்தோரால் செம்மையுற்றது. இன்று பல இல்லங்களில் உள்ள மின்காந்த அடுப்பினை நோக்குக. நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரம், அதனுள் முதலில் நேர்மின்னோட்டமாக மாறுகின்றது. பின்பு நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அலையும் மின்னோட்டமாகின்றது. அதிர்வெண் ஒத்ததிர்வை நெருங்குமாயின் வெப்பம் மிகும். அதனின்றும் உயர்ந்து விலகுமாயின் வெப்பம் தணியும். மதகின் கதவை ஏற்றியும் இறக்கியும் வாய்க்கால் நீரை அளந்து விடுதல் போன்றது இது.

புகழ் பெற்றும் பொருள் சேர்க்காத டெஸ்லா, 1943ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு விடுதி அறையில் தனிமையில் காலமானார். 1960இல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. கட்டுக்கடங்காத வெள்ளம் வயலை அழிக்கும். மதகு வழிவரும் நீரோ வயலை வளர்க்கும். மின்னாற்றலும் அத்தகையதே.