ஜன்னல் பக்கம் சாயும் செடி: ஜெகதீஷ் சந்திர போஸ் எதில் சரி, எதில் தவறு?

உங்கள் வீட்டு மணி பிளான்ட் ஜன்னலைப் பார்த்துச் சாய்வதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சாய்வை அளப்பதற்கே கருவிகள் செய்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். செடிக்கு உயிர் இருக்குன்னு கண்டுபிடிச்சவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரியில்லை. செடிக்கு உயிர் உண்டு என்பது அவருக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். செடி ஒளிக்கும் தொடுதலுக்கும் எப்படி, எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்பதை அளந்ததுதான் அவருடைய வேலை.

1858-ல் வங்கத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். அங்கே ஒரே வேலைக்கு ஆங்கிலேயரைவிட இந்தியருக்குச் சம்பளம் குறைவு. போஸ் மூன்று வருஷம் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. கடைசியில் முழுச் சம்பளம், நிலுவையோடு வந்தது.

ரேடியோ அலை ஆய்வில் பெயர் வாங்கிய பிறகு, 1900 வாக்கில் செடிகள் பக்கம் திரும்பினார். இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்று லண்டன் உடலியல் நிபுணர்கள் எதிர்த்தார்கள். 1901-ல் ராயல் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரை அச்சேறவில்லை. அதே அமைப்பு 1920-ல் அவரை உறுப்பினராக்கியது.

அவர் உருவாக்கிய கிரெஸ்கோகிராஃப், செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒளி பட்டால் தண்டின் வளர்ச்சி வேகம் குறைகிறது என்பதை அதில் பதிவு செய்தார். ஒரு பக்கம் மட்டும் ஒளி விழுந்தால் நிழல் பக்கம் அதிகமாக வளரும், தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும்.

ஏன் அப்படி? நரம்பு போன்ற ஒரு தூண்டல் செடிக்குள் பயணிக்கிறது என்றார் போஸ். தொட்டாற்சிணுங்கியில் மின் சமிக்ஞை ஓடுவது உண்மைதான். ஆனால் ஒளியை நோக்கிய வளைவுக்கு நிழல் பக்கம் கூடுதலாகச் சேரும் ஆக்சின் என்ற ஹார்மோன் காரணம் என்று 1920-களின் கடைசியில் நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் வென்ட் விளக்கினார். இன்றைய பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். டேட்டா வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய கதை: எண் சரியா இருக்கும், மேலே போடுற தலைப்பு கவிழ்த்துவிடும்.

ஆனால் அவர் சொன்ன எல்லாமே அப்படிப் போகவில்லை.

மீன் தொட்டியில் போடுகிற ஹைட்ரில்லா தெரியும்தானே? வெளிச்சத்தில் அது விடும் ஆக்சிஜன் குமிழிகளைத் தானாகவே கணக்கெடுக்கும் கருவி ஒன்றையும் போஸ் செய்தார். கோடையில் எடுத்த செடியும் குளிர்காலத்தில் எடுத்த செடியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கோடைச் செடியில் மாலிக் அமிலம் இருந்தது; அதிலிருந்தும் கார்பனைப் பயன்படுத்தி ஒளிச்சேர்க்கை செய்வதாக 1924-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

கரும்பும் சோளமும் கார்பனை முதலில் மாலிக் அமிலம் போன்ற அமிலங்களில் பிடித்துவைக்கும் சி4 முறை 1960-களில்தான் தெளிவானது. சித்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சும் கரும்பு இந்த வகைதான். நீண்ட பகலும் வெப்பமும் இருந்தால் ஹைட்ரில்லா சி4 முறைக்கு மாறும் என்பதை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜார்ஜ் போவ்ஸ் குழு பிற்பாடு காட்டியது.

அந்தக் காலகட்டத்தில், அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வி.எஸ்.ராமதாஸ் சி4 செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மாணவர் ஏ.எஸ்.ராகவேந்திரா, இல்லினாய்ஸின் கோவிந்த்ஜியோடு சேர்ந்து போஸின் ஒளிச்சேர்க்கைப் பதிவுகளைப் பற்றி 2011-ல் எழுதினார். ஹைட்ரில்லாவின் வித்தியாசமான வழியை முதலில் கவனித்தவர் போஸ் என்பது அவர்கள் வாதம்.

1937 நவம்பர் 23 அன்று கிரிடீயில் போஸ் இறந்தபோது, சி4 என்ற பெயரே உருவாகியிருக்கவில்லை.