போப்பே பாக்கி வெச்ச கதை

மக்களே, உங்கள்ல எத்தனை பேர் ஃப்ரீலான்ஸ் வேலை பண்றீங்க? லோகோ, வெப்சைட், வீடியோ எடிட்டிங், ஏதோ ஒண்ணு. அப்படின்னா இந்த ஆளை உங்களுக்கு நல்லாவே தெரியும். வேலை முடியுற வரைக்கும் தினமும் நாலு தடவை போன் பண்ணுவார். பில் அனுப்புன நாள்ல இருந்து போனை எடுக்கவே மாட்டார்.

மூணாவது வருஷம் நான் ஒரு கடைக்கு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். பேசினது 12,000 ரூபாய், கைக்கு வந்தது அட்வான்ஸ் 2,000 மட்டும்தான். பாஸ்வேர்ட் எல்லாத்தையும் முதல்லயே கொடுத்துட்டேன். எழுத்துல எதுவும் இல்லை. பெரிய திறமைசாலியா இருந்தா நம்மளை இப்படி ஏமாத்த மாட்டாங்கன்னு நினைச்சுதான் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். அப்புறம்தான் மைக்கலாஞ்சலோவோட வாழ்க்கையைப் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன், கேளுங்க.

மைக்கலாஞ்சலோ 1475-இல் இத்தாலியில் பிறந்தவர். ஃபுளோரன்ஸ் நகரத்துல வளர்ந்தார். 13 வயசுல ஒரு ஓவியர்கிட்ட வேலை கத்துக்கச் சேர்ந்தார். ஆனா அவருக்குப் பிடிச்சது கல்லும் உளியும்தான். இருபது வயசு தாண்டினதும் ரோமுக்குப் போனார். 1498-இல், இருபத்து மூணு வயசுல, நம்மைவிட ரெண்டு வயசு கூட இருக்கும்போது, ஒரு பிரெஞ்சு கார்டினல் அவருக்குப் பெரிய வேலை ஒண்ணு கொடுத்தார். அதுதான் பியெட்டா சிலை.

அந்த ஒப்பந்தத்தைப் பாருங்க. மொத்தம் 450 டுகாட். வேலை தொடங்கும் முன்னாடி 150, அப்புறம் நாலு மாசத்துக்கு ஒரு தடவை 100. ஒரு வருஷத்துல முடிக்கணும். நடுவுல ஒரு பணக்கார நண்பர் ரெண்டு பக்கத்துக்கும் ஜாமீன். நாம இன்னைக்கு மைல்ஸ்டோன் பேமெண்ட்னு சொல்றோமே, அது 500 வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு!

சில வருஷம் கழிச்சு அவர் ஃபுளோரன்ஸ் திரும்பினார். அங்க டோனி என்ற பணக்கார வியாபாரிக்கு ஒரு ஓவியம் வரைஞ்சார். அதுக்கப்புறம் நடந்ததை வசாரி அவரோட வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கார். படத்தையும் 70 டுகாட் கேட்டு ஒரு சீட்டையும் ஆள்கிட்ட கொடுத்து அனுப்பினாராம். டோனி பேரம் பேசி 40 மட்டும் கொடுத்தார். மைக்கலாஞ்சலோ அந்த ஆளைத் திருப்பி அனுப்பி, 100 கொடு, இல்லைன்னா படத்தைத் திருப்பிக் கொடுன்னு கேட்டார். டோனி இறங்கி வந்து, சரி, முதல்ல கேட்ட 70-ஐயே தர்றேன்னார். இப்போ விலை 140 ஆயிடுச்சு! கடைசியில டோனி அதையே கொடுத்தாராம்.

படிக்கும்போது நமக்கே விசில் அடிக்கத் தோணுது இல்ல? ஆனா அவசரப்படாதீங்க. எல்லா கிளையண்டும் டோனி கிடையாது.

1505-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் அவரை ரோமுக்கு அழைச்சார். தனக்கு ஒரு பிரம்மாண்டமான கல்லறை வேணும், சுமார் 40 சிலைகள், 10,000 டுகாட், அஞ்சு வருஷம். மைக்கலாஞ்சலோ கராரா மலைக்குப் போய் எட்டு மாசம் தங்கி பளிங்குக் கல் தேர்ந்தெடுத்தார். கல்லெல்லாம் படகுல ரோமுக்கு வந்து இறங்கிச்சு. படகுக்காரங்களுக்குக் கூலி கொடுக்கணும். போப்போட கவனமோ அதுக்குள்ள புது செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் கட்டுறது மேல போயிடுச்சு. கூலியை மைக்கலாஞ்சலோவே கைக்காசைப் போட்டுக் கொடுத்தார். பணம் கேக்கப் போனா, இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விட்டாங்க. கடைசியில வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க.

1506 ஏப்ரல் 17. அவர் குதிரை ஏறி ஃபுளோரன்ஸுக்குக் கிளம்பிட்டார். மறுநாள்தான் புது தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. பின்னாடியே போப் அனுப்புன குதிரை வீரர்கள் வந்தாங்க. ஆனா அவங்க பிடிக்கும்போது அவர் ஃபுளோரன்ஸ் எல்லைக்குள்ள வந்துட்டார். வர மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டார்.

சினிமாவா இருந்தா இங்க இண்டர்வெல் விட்டிருப்பாங்க. நிஜத்துல என்ன ஆச்சு தெரியுமா? போப் ஃபுளோரன்ஸ் அரசாங்கத்துக்கு அழுத்தம் கொடுத்தார். உனக்காக நாங்க போப்போட போருக்குப் போக முடியாதுன்னு ஊர்த் தலைவரே சொல்லிட்டார். அந்த வருஷம் நவம்பர்ல பொலோனியா நகரத்துக்குப் போய் மைக்கலாஞ்சலோ போப் முன்னாடி மண்டியிட்டார். பணம் கேட்டவர்தான் மன்னிப்பும் கேட்டார். எனக்கு இந்த இடத்துல புத்தகத்தை மூடி வைக்கணும் போல ஆயிடுச்சு.

1508-இல் போப் வேற வேலை கொடுத்தார். சிஸ்டைன் சேப்பலோட கூரை. முதல்ல பேசினது 12 அப்போஸ்தலர்கள் மட்டும். அது சாதாரணமா இருக்கும்னு மைக்கலாஞ்சலோவே சொல்லப் போய், வேலை 300-க்கும் மேற்பட்ட உருவங்களா வளர்ந்துச்சு. வேலை பெருசாகுறதுக்கு எப்பவும் கிளையண்ட் மட்டுமே காரணம் இல்லைன்னு குறிச்சு வெச்சுக்கோங்க! பாதி முடிஞ்ச 1510-இல் போப் போருக்குப் போயிட்டார், பணம் நின்னு போச்சு. மைக்கலாஞ்சலோ பொலோனியா வரைக்கும் அவரைத் தேடிப் போய் வாங்கிட்டு வந்தார். 1512-இல் கூரை முடிஞ்சுது. இன்னைக்கும் உலகமே அண்ணாந்து பாக்குது.

ஆனா அந்தக் கல்லறை? அது முடியவே இல்லை. 1513-இல் போப் இறந்தார். வாரிசுகளோட புது ஒப்பந்தம். 1516-இல் இன்னொண்ணு. 1532-இல் இன்னொண்ணு. நடுவுல வந்த போப்புகள் தங்கள் வேலைக்கு அவரை இழுத்தாங்க, அவரால மறுக்க முடியலை. வாரிசுகளோ, அட்வான்ஸ் வாங்கிட்டு ஏமாத்துறான்னு குற்றம் சாட்டினாங்க. 1542-இல் கடைசி ஒப்பந்தம். தன் இளமை முழுசும் இந்தக் கல்லறையோட கட்டிப் போட்டு வீணாப் போச்சுன்னு அந்த வருஷம் கடிதத்துல புலம்பியிருக்கார். 1545-இல் ரொம்பச் சின்ன வடிவத்துல அது முடிஞ்சுது. நாற்பது வருஷம்! 40 சிலைக்குத் திட்டம் போட்டாங்க, ஆனா கடைசியில கல்லறையில வெச்சதுல அவர் கையால செதுக்கினது மோசஸும் இன்னும் ஒண்ணு ரெண்டும்தான்.

1564-இல், 88 வயசுல அவர் இறந்தப்போ வீட்டுப் பெட்டியில 8,000-க்கும் மேற்பட்ட டுகாட் இருந்துச்சு. ஆக, பணம் வராம இல்லை. அவர்கிட்ட இருந்து போனது நிம்மதிதான்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. பேமெண்ட் வராததுக்கு நம்ம திறமையில குறைன்னு அர்த்தம் இல்லை. உலகத்துலேயே பெரிய கலைஞனையும் வாசல்ல நிறுத்தியிருக்காங்க. அவரைக் காப்பாத்தினது திறமையும் இல்லை, கோபமும் இல்லை. பியெட்டாவுல தவணையும் ஜாமீனும் எழுத்துல இருந்துச்சு, பிரச்சினை வரலை. டோனிகிட்ட விலையைவிட்டு இறங்காம படத்தைத் திருப்பிக் கேட்டார், ஜெயிச்சார். கல்லறைக்குச் சொந்தக் காசைப் போட்டார், பழைய கணக்கு முடியாம புது வேலை எடுத்தார், நாற்பது வருஷம் மாட்டிக்கிட்டார்.

என் 10,000 இன்னும் வரலை. போன வாரம் அந்தக் கடைக்காரரே போன் பண்ணி, சைட்ல சின்ன மாற்றம் ஒண்ணு பண்ணணும் தம்பின்னார். பழைய பாக்கியைத் தேதி போட்டு எழுதி அனுப்பிட்டு, இது வந்ததும் பண்றேன் அண்ணான்னு சொல்லிட்டேன். வருதான்னு பாப்போம். நீங்களும் அடுத்த வேலையைத் தொடங்கும் முன்னாடி ஒரு பக்கமாவது எழுதி வாங்கிக்கோங்க மக்களே.