உழைப்பாளர் சிலை தந்த சிற்பி

மெரினா கடற்கரைக்குச் சென்று வந்த நம் பிள்ளைகள் அனைவரும் உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பர். அதனைப் படைத்தவர் யாரெனக் கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்னும் வங்காளி.

1899ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்திலுள்ள ரங்கபூரில் பிறந்த அவர், அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1929இல் சென்னை அரசினர் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850இல் தோன்றிய அப்பள்ளிக்கு இந்தியர் ஒருவர் தலைவரானது அதுவே முதன்முறை. 1957 வரை அங்கே பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அவர்தம் மாணாக்கரே. 1958இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

விருதுகள் கிடக்கட்டும். அவர் யாருடைய உருவங்களை வடித்தார் என்பதே நமக்கு முக்கியம். பசியால் வாடிய ஏழைகளை வடித்தார். 1936ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெண்கலத்தில் பதித்தார். 1942இல் தேசியக் கொடியேற்றச் சென்று குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவர்களைப் பாட்னாவில் நிறுத்தினார்.

உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பெற்றது. இடுப்புத் துணியன்றி வேறு உடையற்ற நால்வர் பாறையைப் பெயர்க்கின்றனர். அதற்கு மாதிரியாக நின்றவர்களுள் கலைப் பள்ளியின் காவலாளியும் ஒருவர் என்பர். மன்னரும் தலைவருமே சிலையாகிவந்த ஊரில், நம் பாட்டன்மாரின் முதுகும் தோளும் வெண்கலமாயின.

இச்சிலையின் படம் ஒன்று போதும், ஆசிரியர் பல பாடங்களை நடத்தலாம். அறிவியல் வகுப்பில் நெம்புகோலையும் ஆதாரப் புள்ளியையும் விளக்கலாம். வரலாற்று வகுப்பில், 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதைக் கூறலாம். தமிழ் வகுப்பில் நால்வருள் ஒருவர் பேசுவதாக எழுதச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. உடலுழைப்பே உங்களுக்கு விதித்தது என்று பொருள்படும்படி இதனைக் கற்பித்தல் பெருந்தவறு. ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் பலர், தந்தையின் தொழிலை வகுப்பில் சொல்லத் தயங்குகின்றனர். அத்தயக்கம் நீங்கவேண்டும், அப்பிள்ளைகள் பொறியாளராகவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ராய் சௌத்ரி 1975ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார். சிலைக்கு அவர் உழைப்பின் வெற்றி எனப் பெயரிட்டார். ஆனால் பாறை இன்னும் பெயரவில்லை. ஏன் அவ்வாறு அமைத்தார் என்பதை மாணவரிடமே கேட்டு, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.