ஓவியர் இரவிவர்மர்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்கின், முகில் தவழும் மலைத்தொடரைக் காணலாம். அதற்கு அப்பால் முற்காலத்தில் திருவிதாங்கூர் அரசு விளங்கியது. அவ்வரசுடன் 1886-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாகவே முல்லைப் பெரியாற்று நீர் இப்பள்ளத்தாக்கை வந்தடைந்தது. அந்நீரைப் போலவே மலையைக் கடந்து வந்த மற்றொரு செல்வமும் உண்டு. தேனிப் பகுதியின் வீடுகளிலும் கடைகளிலும் நாம் காணும் திருமகள், கலைமகள் படங்கள் பல, திருவிதாங்கூரில் தோன்றிய இரவிவர்மர் வகுத்த வடிவைத் தழுவியவை.

இரவிவர்மர் 1848-ஆம் ஆண்டு கிளிமானூரில் பிறந்தார். அவர் இளமையில் கரித்துண்டால் சுவரில் எழுதிய உருவங்களைக் கண்டு வியந்த மாமன், அவருக்கு ஓவியத்தின் முதற்பாடங்களைக் கற்பித்தார். பதினான்காம் வயதில் அவர் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். நெய்வண்ண ஓவியம் அந்நாளில் நம் நாட்டிற்குப் புதிது. அதன் நுட்பத்தை அறிந்தவர் பிறருக்கு எளிதில் உரைத்திலர். 1868-இல் அங்கு வந்த ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் எழுதுவதைப் பார்க்க இசைந்தாரேயன்றிக் கற்பிக்கவில்லை. இரவிவர்மர் மனந்தளராது, கண்டவற்றைத் தாமே பழகித் தேர்ந்தார். 1873-ஆம் ஆண்டில் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கமும் வியன்னாவில் பரிசும் பெற்றார்.

உருவம் உயிர்பெற, அது நிற்கும் நிலமும் உயிர்பெறல் வேண்டும். காலில் தைத்த முள்ளை எடுப்பாள் போலத் திரும்பி நோக்கும் சகுந்தலையின் படத்தில், காட்டை நீக்கிவிட்டால் அவள் ஏக்கமும் பாதி மறைந்துவிடும். இவ்வுண்மையை உணர்ந்து அவருக்குத் துணைநின்றவர் அவர் தம்பி இராஜராஜவர்மர். அண்ணனுக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவரான அவர், இயற்கைக் காட்சிகளை எழுதுவதில் வல்லவர். அண்ணனுடைய பல படங்களில் மரமும் நீரும் வானும் தம்பியின் கைவண்ணமே.

1894-இல் பம்பாயில் இரவிவர்மர் அச்சுக்கூடம் நிறுவினார். செல்வர் மாளிகையில் இருந்த ஓவியம் அதனால் எளியோர் இல்லத்திற்கும் சென்றது. பொருளிழப்பு மிகவே அவ்வச்சுக்கூடத்தைப் பின்னர் விற்க நேர்ந்தது. எனினும் படங்கள் பரவுவது நிற்கவில்லை.

1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பி மறைந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அண்ணனும் மறைந்தார். உலகம் அண்ணன் பெயரையே பெரிதும் அறியும். மாணவர்களே! இரவிவர்மரின் ஓவியத்தை இனிக் காணும்போது முகத்தை மட்டும் நோக்காது, பின்னே நிற்கும் மரங்களையும் நோக்குங்கள். புகழை நாடாது உழைத்த ஒரு தம்பியின் அன்பு அங்கே இலையும் நிழலுமாய்ப் படர்ந்திருப்பதைக் காண்பீர்கள்.