நோயருகே நின்ற சாவித்திரிபாய்

சாவித்திரிபாய் புலே என்றவுடன், 1848ஆம் ஆண்டு புனே நகரத்துப் பிடே வாடாவில் தொடங்கப்பெற்ற பெண்கள் பள்ளியே பலருக்கும் நினைவில் எழும். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேறும் சாணமும் வீசப்பட்டதையும், அதற்காக மாற்றுப் புடவை ஒன்றை அவர் உடன் எடுத்துச் சென்றதையும் மாணவர் பலர் முன்னரே படித்திருப்பர். பாடநூல்கள் பலவும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அது ஒரு குறையே. பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது 17. அதன்பின் 49 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். பிள்ளை பெறும் பெண்கள், பசித்த குழந்தைகள், நோயாளிகள் ஆகியோர் அருகில் அவ்வாண்டுகளின் பெரும்பகுதி கழிந்தது. பின்னாளில் கணவர் ஜோதிராவ் பக்கவாதத்தால் வீழ்ந்தபோது, அவரைப் பேணும் பொறுப்பும் சாவித்திரிபாயிடமே வந்து சேர்ந்தது. அப்பொறுப்பைத் தாங்கும் வலிமை அவருக்கு ஒரே நாளில் வந்ததன்று.

சாவித்திரிபாய் 1831 ஜனவரி 3ஆம் நாள், சதாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். 9 வயதில் அவருக்கு மணம் முடிந்தது. மணமகன் ஜோதிராவுக்கு அப்போது 13 வயது. எழுத்தறியாமல் புகுந்த வீட்டுக்கு வந்த அச்சிறுமிக்குக் கணவரே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வீட்டில் அவர் கண்டறிந்த மற்றொரு பாடமும் உண்டு. ஜோதிராவ் ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தவர். சகுணாபாய் என்ற உறவுக்காரப் பெண்மணியே அவரை வளர்த்து ஆளாக்கினார். சகுணாபாய் இளமையிலேயே கணவரை இழந்தவர். பாதிரியார் ஒருவரின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணி செய்தவர். ஈன்றெடுக்காத பிள்ளைக்கும் ஒருவர் தாயாக இருக்க முடியும் என்பதைச் சாவித்திரிபாய் நூல்களில் படித்து அறியவில்லை; நாள்தோறும் வீட்டிலேயே கண்டார்.

பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் கல்வி புகட்டியதால் ஊரார் சினம் கொண்டனர். அவர்களது நெருக்குதலுக்கு அஞ்சிய ஜோதிராவின் தந்தை 1849ஆம் ஆண்டு இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். ஒதுங்க இடமின்றி நின்ற அவர்களுக்கு உஸ்மான் சேக் தம் இல்லத்தில் இடமளித்தார். அவருடைய தங்கை பாத்திமா சேக், சாவித்திரிபாயோடு இணைந்து ஆசிரியப் பணியாற்றினார்.

1856ஆம் ஆண்டு சாவித்திரிபாய் நோய்வாய்ப்பட்டார். உடல் தேறும் பொருட்டுப் பிறந்தகமான நாய்காவுக்குச் சென்று தங்கினார். அங்கிருந்து அக்டோபர் மாதம் கணவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. நோயின்போது தம் உடன்பிறந்தான் தமக்குச் செய்த பணிவிடையை அதில் நன்றியோடு குறித்துள்ளார். அதே உடன்பிறந்தான், ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வி கற்பிப்பது குலத்துக்கு இழுக்கு என்று கடிந்துகொண்டவனும் ஆவான். சாவித்திரிபாய் சினந்து எழுந்து போய்விடவில்லை. படுக்கையில் இருந்தபடியே அவனுக்கு விடை சொல்லி, அவன் எண்ணத்தைத் திருத்தினார். உடன்படாத ஒருவரின் கையால் மருந்து உண்ண வேண்டிய நிலை நோயாளிக்கு நேர்வதுண்டு. அதன் கசப்பையும் அதனூடே வரும் அன்பையும் அவர் தம் உடலாலேயே அறிந்தார். பிறரைப் பேணுவோர் ஒருமுறையேனும் பேணப்பட்டவராக இருப்பின், நோயாளியின் மனம் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

அக்காலத்தில் உயர்குடிப் பெண்கள் பலர் சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, பருவம் எய்தும் முன்பே கணவரை இழந்தனர். கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் 1856இலேயே இடம் தந்தபோதும், ஊர் வழக்கம் இடம் தரவில்லை. உறவினராலோ பிறராலோ வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்ற கைம்பெண்ணுக்கு இரண்டே வழிகள் இருந்தன: தன்னை மாய்த்துக்கொள்வது, அல்லது பிறந்த குழவியை மாய்ப்பது. இக்கொடுமையைத் தடுக்க 1863ஆம் ஆண்டு புலே இணையர் தம் இல்லத்திலேயே ஒரு காப்பகம் அமைத்தனர். கைம்பெண்கள் மறைவாக வந்து அச்சமின்றிப் பிள்ளை பெறலாம். விரும்பினால் குழந்தையை அங்கேயே விட்டுச் செல்லலாம் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன.

ஆண்டுகள் செல்லச் செல்ல 35 பெண்கள் அவ்வில்லத்தை நாடி வந்தனர். எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஒவ்வொரு பேறுகாலமும் இரண்டு உயிர்களைப் பற்றியது என்பதை மறத்தல் ஆகாது. வலி எடுக்கும் இரவில் விழித்திருப்பது, வெந்நீர் வைப்பது, பத்தியம் சமைப்பது, அழும் குழந்தையைத் தேற்றுவது ஆகிய எல்லாம் அங்கு நடந்தாக வேண்டும். இவை எந்தக் கல்விச்சாலையிலும் பாடமாக வைக்கப்படாத வேலைகள். வந்த பெண் யார், எந்தக் குலம், எவ்வாறு இந்நிலை அடைந்தாள் என்று துருவிக் கேளாதிருக்கும் பண்பும் அப்பணிக்கு இன்றியமையாதது. அவ்வாறு வந்த பெண்ணொருத்தியின் குழந்தையை 1874ஆம் ஆண்டு புலே இணையர் தம் மகனாகத் தத்தெடுத்தனர். யஷ்வந்த் என்று அவனுக்குப் பெயர். ஜோதிராவைச் சகுணாபாய் வளர்த்ததுபோலவே, யஷ்வந்தைச் சாவித்திரிபாய் வளர்த்தார்.

1876ஆம் ஆண்டு தக்காணத்தைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. தமிழ்நாட்டு மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றளவும் நினைவுகூர்வது இதே பஞ்சத்தைத்தான். சத்தியசோதக் சமாஜத்தின் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று உணவு வழங்கினர். சாவித்திரிபாயும் ஜுன்னரை அடுத்த ஓதூர்ப் பகுதியில் தங்கிப் பணியாற்றினார். 1877 ஏப்ரலில் அங்கிருந்து அவர் எழுதிய மடல், கால்நடைகள் மடிவதையும் மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதையும் காட்டுகிறது. ஆதரவற்ற குழந்தைகளுக்கெனத் தனகவடியில் உணவு விடுதி ஒன்றும் நடத்தப்பட்டது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே வயிறு நிறைய உணவளித்தால் அதுவே உயிருக்கு இடராக முடியும். சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். பேணுதலில் அன்பு மட்டும் போதாது, அளவும் அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பஞ்சக்களத்தில் நின்றோர் எல்லாரும் கற்றனர்.

இனி 1888ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மே 11ஆம் நாள் பம்பாயில் கூடிய மக்கள் ஜோதிராவுக்கு மகாத்மா என்னும் பட்டம் சூட்டினர். இரண்டு மாதங்களுக்குள், ஜூலையில், பக்கவாதம் அவரைத் தாக்கியது. உடலின் வலப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு 61 வயது, சாவித்திரிபாய்க்கு 57. சிறுமியாக இருந்த அவருக்கு எழுத்துக் கற்பித்த கை இப்போது அசைவற்றுக் கிடந்தது.

குடும்ப நண்பரான மருத்துவர் விஷ்ராம் ராம்ஜி கோலே மருத்துவம் செய்தார். ஆயினும் பக்கவாத நோயாளிக்கு மருத்துவர் வந்து செல்லும் நேரம் மிகக் குறைவு. எஞ்சிய பொழுது முழுவதும் வீட்டாருடையது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேல் முதுகில் படுக்கைப் புண் தோன்றும். உணவைப் புரையேறாமல் ஊட்டுதல் வேண்டும். மரத்துப்போன கைகால்களை நாள்தோறும் அசைத்துவிடுதல் வேண்டும். வாழ்நாளெல்லாம் எவரையும் சார்ந்திராத ஒருவர், ஒரு குவளை நீருக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும்போது எழும் சலிப்பையும் சினத்தையும் தாங்கிக்கொள்ளுதல் வேண்டும். பேறுகால அறையிலும் பஞ்ச விடுதியிலும் பழகிய கைகளுக்கு இவற்றுள் எதுவும் முற்றிலும் புதியதாக இருந்திருக்க முடியாது.

வறுமையும் உடன் வந்தது. ஜோதிராவ் ஒரு காலத்தில் கட்டடப் பணி ஒப்பந்தங்கள் எடுத்து நன்கு பொருளீட்டியவர். ஈட்டியதைப் பொதுப்பணிக்கே செலவிட்டுவிட்டார். யஷ்வந்தோ பதின்ம வயதினன். குடும்பத்தின் நிலை கண்டு வருந்திய நண்பர் மாமா பரமானந்த், பரோடா அரசர் சயாஜிராவ் கெய்க்வாடுக்கு உதவி வேண்டிக் கடிதம் எழுத நேர்ந்தது. பொதுவாழ்வில் பெரும்புகழ் பெற்றோரின் இல்லங்களில் முதுமையும் நோயும் வந்தபின் என்ன நிகழ்கிறது என்பதை வரலாறு பெரும்பாலும் எழுதிவைப்பதில்லை. எழுதப்பட்ட இச்சிறு செய்தியும் நெஞ்சை உறுத்துகிறது.

இந்நிலையிலும் ஜோதிராவ் ஓய்ந்திருக்க விரும்பவில்லை. வலக்கை இயங்காததால் இடக்கையால் எழுதப் பழகினார். அவ்வாறு எழுதப்பெற்றதே சார்வஜனிக் சத்திய தர்மம் என்னும் அவருடைய இறுதி நூல். 1889ஆம் ஆண்டு அதனை எழுதி முடித்தார். முதுமையில் மாற்றுக்கையால் எழுதுவதென்பது, சிறு குழந்தை முதன்முதலாக எழுதத் தொடங்குவதைப் போன்றதே. பல்லாண்டுகள் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்த ஆசிரியை அருகில் இருந்த வீடு அது. நோயாளியைப் படுக்கையோடு கட்டிப்போட்டு அமைதியாக வைத்திருப்பது எளிது. அவரது வேலையை அவரே செய்ய விடுவது கடினம். அந்த வீட்டில் இரண்டாவது வழியே நடந்தேறியது. அதே ஆண்டு பிப்ரவரியில் யஷ்வந்துக்கும் ஹடப்சரைச் சேர்ந்த சசானே குடும்பத்துப் பெண் ராதாவுக்கும் சத்தியசோதக் முறையில் எளிய திருமணமும் நடைபெற்றது.

1890 நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் தீச்சட்டியை ஏந்தி முன்செல்வது மகனின் உரிமை. தத்துப்பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை என்று உறவினர் தடுத்தனர். அப்போது சாவித்திரிபாய் தாமே முன்வந்து சட்டியைக் கையில் ஏந்தி நடந்தார். சிதைக்கும் தாமே தீ மூட்டினார். பெண்கள் சுடுகாட்டுக்குச் செல்வதையே ஏற்காத காலம் அது. நோய்ப்படுக்கையில் இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்த பணிவிடையின் இறுதிக் கடமையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மறு ஆண்டு, 1891இல், கணவரின் நூலை யஷ்வந்த் அச்சேற்றினார்.

யஷ்வந்த் மருத்துவம் பயின்று, படைப்பிரிவில் மருத்துவராகப் பணியில் சேர்ந்தார். கருவிலேயே அழிந்திருக்கக்கூடிய ஓர் உயிர் பிற உயிர்களைக் காக்கும் மருத்துவராயிற்று. ஆனால் மருமகள் ராதா 1895ஆம் ஆண்டு இறந்துபோனார். மகன் பணியின் பொருட்டு வெளியூர்களில் இருக்க, சாவித்திரிபாய் சத்தியசோதக் சமாஜத்தின் பணிகளை முன்னின்று நடத்திவந்தார்.

1896ஆம் ஆண்டு பம்பாயில் பரவிய பிளேக் நோய், 1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனேயை எட்டியது. கடுங்காய்ச்சலும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டுதலும் அதன் அறிகுறிகள். நோய்க்கிருமி 1894இலேயே கண்டறியப்பட்டிருந்தது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறது என்னும் உண்மை 1898இல்தான் வெளிப்பட்டது. ஆகவே நோய் எவ்வழியில் தொற்றுகிறது என்று தெளிவாக அறியாமலேயே மக்கள் அஞ்சினர். பெற்ற தாயையும் பிள்ளையையும் தொடத் தயங்கினர்.

யஷ்வந்த் புனேக்கு வந்து, நகருக்கு வெளியே ஹடப்சரில் தம் மாமனார் குடும்பத்துக்குரிய தோட்டத்தில் மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார். 66 வயதான சாவித்திரிபாய் நோயாளிகளைத் தேடிச்சென்று அங்குக் கொண்டுவந்து சேர்த்தார். முண்ட்வா என்னும் ஊருக்கு வெளியே ஒடுக்கப்பட்ட மகர் மக்களின் குடியிருப்பில் சிறுவன் ஒருவன் நோயுற்றுக் கிடப்பதாக அறிந்து அங்கு விரைந்தார். அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவ நிலையத்துக்கு வந்தார். அப்பணியின்போது நோய் அவரையும் தொற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10ஆம் நாள் இரவு சாவித்திரிபாய் உயிர் நீத்தார்.