89 வயதில் மாயமானார் சென்னை வீரர்! புல்தரை டென்னிஸ், டெஸ்ட் கிரிக்கெட் இரண்டிலும் கலக்கிய கோட்டா ராமசாமி

அம்பத்தூர், ஆவடியில் இருந்து மின்சார ரயில் ஏறி சேப்பாக்கத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்கு கோட்டா ராமசாமியைத் தெரியும்?

டென்னிசில் டேவிஸ் கோப்பை, கிரிக்கெட்டில் டெஸ்ட் என்று இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய சென்னைக்காரர் இவர்.

1896-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி பிறந்தார். தந்தை புச்சி பாபு நாயுடு. வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியர்களுக்கு இடம் இல்லாத காலம் அது. நம்ம ஆட்களும் ஆட வேண்டும் என்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் புச்சி பாபு.

1908-ல் அவர் காலமானார். அப்போது ராமசாமிக்கு வயது 12. அப்பாவின் ஆட்டப் பைத்தியம் மகனையும் தொற்றிக்கொண்டது.

விம்பிள்டனில்

மேல்படிப்புக்கு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் இடம் பிடித்தார்.

புல்தரையில் பந்து அதிகம் எழும்பாது. வழுக்கிக்கொண்டு வரும். கொஞ்சம் அசந்தால் போச்சு! அந்தத் தரையில் கைதேர்ந்தவர் ஆனார் ராமசாமி.

1922-ல் டேவிஸ் கோப்பை அழைப்பு வந்தது. பிரிஸ்டல் நகரில் ருமேனியாவை எதிர்த்து, பைசீயுடன் ஜோடி சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினார். இந்தியா ஜெயித்தது. அடுத்து ஸ்பெயினிடம் தோற்றது. அதே ஆண்டு விம்பிள்டன் போட்டியிலும் ஆடினார்.

40 வயதில் டெஸ்ட்

14 வருஷம் ஓடியது. 1936-ல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனது. அதில் ராமசாமியும் இருந்தார். மற்றவர்கள் மட்டையைப் பரணில் போடும் வயசில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடினார்.

இடது கை ஆட்டக்காரரான அவர் அந்த டெஸ்டில் 40, 60 ரன் எடுத்தார். அடுத்து ஓவல் மைதானத்தில் 29 ரன். பிறகு ஆட்டம் இழக்காமல் 41. மொத்தம் 170 ரன், சராசரி 56.66! ஆனாலும் அந்த இரண்டு டெஸ்டோடு சரி. அப்புறம் வாய்ப்பு வரவில்லை.

1952-53-ல் வெஸ்ட் இண்டீஸ் போன இந்திய அணிக்கு மானேஜராகப் போய் வந்தார்.

எங்கே போனார்?

1985-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலை. அடையாறில் உள்ள வீட்டில் இருந்து வெளியே கிளம்பினார். வயது 89. போனவர் திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று இன்று வரை தகவல் கிடையாது.

அப்பா புச்சி பாபு பெயரில் சென்னையில் கிரிக்கெட் போட்டி நடக்கிறது. மகன் எங்கே, எப்போது கண் மூடினார் என்பதுகூட யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.