ஹாபிட்டுகளைப் பெற்ற பேராசிரியர்

ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1892-ல் தென் ஆப்பிரிக்காவில் பிறந்தார். தந்தை வங்கி வேலைக்காகத் தாய்நாட்டை விட்டுப் போனவர். டோல்கீனுக்கு நான்கு வயதாகும்போது தந்தை இறந்தார். பன்னிரண்டு வயதில் தாயும் இறந்தார்.

1916-ல் பிரான்சின் சோம் போர்முனையில் நின்றார். நெருங்கிய நண்பர்கள் ஒருவரைத் தவிர அனைவரும் அந்த உலகப் போரில் மாண்டனர்.

1925-ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். சம்பளம் போதவில்லை. கோடை விடுமுறையில் பரீட்சைத் தாள் திருத்திக் கூடுதலாகச் சம்பாதித்தார். அப்படித் திருத்தும்போது, ஒரு மாணவன் எழுதாமல் விட்ட பக்கத்தில் 'ஹாபிட்' என்ற சொல்லைக் கிறுக்கினார். 1937-ல் அது புத்தகமாயிற்று.

எல்ஃப் என்னும் தேவ இனமும் குள்ளர் இனமும் வட ஐரோப்பியப் பழங்கதைகளில் முன்பே உண்டு. பிற்காலத்தார் எல்ஃபுகளைப் பூச்சியளவுக்குச் சுருக்கிவிட்டனர். டோல்கீன் அவர்களுக்குப் பழைய கம்பீரத்தை மீட்டுத் தந்தார். குள்ளர்களின் பெயர்களையும் பழம்பாடலிலிருந்தே எடுத்தார்.

ஹாபிட் இனமோ அவரே படைத்தது. மனிதனில் பாதி உயரம், காலில் செருப்பில்லை, வயிறாரச் சோறும் சொந்த வீடும் போதும் என்றிருப்பவர்கள்.

1954-55-ல் வெளிவந்த 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' நாவலில், தீய மோதிரத்தை அழிக்கும் பொறுப்பை எல்ஃப் வீரர்களிடம் அவர் தரவில்லை; ஹாபிட்டுகளிடம் தந்தார். அவர்களில் சாம் என்பவனுக்கு, போர்முனையில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களே முன்மாதிரி.

1973 செப்டம்பர் 2-ல் டோல்கீன் காலமானார். எல்ஃபும் குள்ளரும் இன்று பலர் கதைகளில் உலவுகிறார்கள். ஹாபிட் என்றால் மட்டும் டோல்கீன் பெயரே நினைவுக்கு வருகிறது.